சுபாவம் அறிந்த அரங்கநாதன்

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். ஒரு கைகலப்பு நடந்தால், ஒரு பஸ் கண்ணாடி உடைந்தால், இரண்டு தெருவுக்கு நடுவே கல் பறந்தால், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நாமெல்லாம் அக்கம்பக்கம் விசாரித்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் விசாரிக்க மாட்டார். சுண்ணாம்பை விரலில் எடுத்துக்கொண்டே, "எந்தூரு ஆளுங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்பார். ஊரைச் சொன்னால் போதும். யார் முதலில் அடித்தது, எதற்காக அடித்தது, அடி எங்கே விழுந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். "அவங்க சுபாவமே அதானே" என்பார். வழக்கு முடிந்தது.

இந்த இனத்துக்குச் 'சுபாவம் அறிந்தவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஜோசியருக்காவது பிறந்த நேரம் வேண்டும். டாக்டருக்காவது நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். இவருக்கு எதுவும் வேண்டாம். ஆளைப் பார்க்காமலே ஆளின் அப்பன், பாட்டன், பூட்டன் வரைக்கும் கோபம் எந்த வழியாக இறங்கி வந்தது என்று சொல்லிவிடுவார்.

எங்கள் கள்ளக்குறிச்சியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி அரங்கநாதன். ஆஸ்பத்திரிக்கு எதிரே என் மருந்துக்கடை. கடைக்கு மாடியில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பகலெல்லாம் என் தலைக்கு மேலே தடதடவென்று எழுத்து விழுந்துகொண்டிருக்கும். அது பிழைப்பு. அவருடைய உயிர் வேறு இடத்தில் இருந்தது. ஒரு தினசரிக்கு அவர் உள்ளூர் நிருபர். எந்தத் தினசரி என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் மருந்து மடிக்க அதைத்தான் வாங்குகிறேன்.

மனிதர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் சட்டைக் கையை முதலில் மடித்து விடுகிறவர் அவர்தான். ரத்தம் கொடுக்கும்போது மட்டும் எந்த ஊர் என்று கேட்டதே இல்லை. கொடுத்துவிட்டு, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டு தன் பூகோளப் பாடத்தை ஆரம்பிப்பார். எனக்கு அவர் வைத்த பெயர் 'மெடிக்கல்ஸ்'.

"திருக்கோவிலூர்க்காரன் ஆத்துத் தண்ணி குடிக்கிறவன், மெடிக்கல்ஸ். கோவம் வெள்ளம் மாதிரி வரும், அப்பால மணலா வத்திடும். சின்னசேலத்துக்காரன் ரயிலப் பாத்து வளந்தவன். தூரத்துலயே கூவிக்கினு வருவான், ஆனா நிக்க மாட்டான். திருநாவலூர்க்காரன் கோயில் சோறு. அடிச்சுட்டு அவனே அழுவான்."

"கள்ளக்குறிச்சிக்காரங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாமளா?" என்று ஆச்சரியப்பட்டார். "நாம தராசு மாதிரி."

எண்பதுகளின் பின்பாதி அது. இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி வந்தது. தென்னாற்காடு முழுக்கச் சாலையில் மரங்கள் விழுந்தன. பஸ் இல்லை, பால் இல்லை, மெட்ராஸ் பேப்பர்கூட நேரத்துக்கு வரவில்லை. சில ஊர்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. திரும்பி வராதவர்களுக்காக அழுத வீடுகள் உண்டு. அந்த வீடுகளைப் பற்றிக் கேலி பேச எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது அந்த நாட்களைப் பேப்பரில் எழுதியவர்களைப் பற்றி.

காலேஜில் இடம் வேண்டும், அரசாங்க உத்தியோகத்தில் பங்கு வேண்டும் என்று கேட்டுத்தான் அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று எந்தப் பேப்பரும் கணக்குப் போடவில்லை. ஆனால் அவர்களுடைய கண் எப்படிச் சிவந்திருந்தது என்று பத்தி பத்தியாக வந்தது. கேட்டது சீட்டு, அச்சானது சீற்றம். பட்டணத்துத் தெருவில் பஸ் எரிந்தால் 'விரும்பத்தகாத சம்பவம்'. காலேஜ் வாசலில் கல் விழுந்தால் 'மாணவர் கொந்தளிப்பு'. எங்கள் பக்கத்தில் ஒரு புளியமரம் சாய்ந்தால் 'வெறியாட்டம்'. கல்வராயன் மலையிலிருந்து ஒருவன் விறகு வெட்டும் கொடுவாளோடு இறங்கி வந்தாலோ, கேட்கவே வேண்டாம், 'பயங்கரம்'. ஒரே கோபத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்களெல்லாம் அரங்கநாதனின் டைப்ரைட்டரில் தயாராக இருந்தன. சம்பவம்தான் வர வேண்டும்.

வந்தது.

வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். அங்கே மாயவன் என்று ஒருவர், சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிறவர். அவர் மனைவி இருசம்மாளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டும் குழந்தை இறங்கவில்லை. பஸ் ஓடாத நாள். மாயவனும் அண்ணன் தம்பிகளும் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளைச் சுமந்துகொண்டு மலை இறங்கினார்கள். அடிவாரத்தில் ஒருவர் தன் மாட்டு வண்டியைக் கொடுத்தார். தூளி சுமந்த மற்றவர்கள் அங்கிருந்து மலைக்குத் திரும்பினார்கள். கச்சிராயபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. மரத்தின் மேல் மறியல்காரப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்குத் தலைவன் பச்சமுத்து. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, வாத்தியார் பயிற்சிக்கு இரண்டு தடவை மனுப் போட்டு, இரண்டு தடவையும் இடம் கிடைக்காமல் வீட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன்.

வண்டிக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டு மரத்திலிருந்து குதித்தான். "இன்னாங்க, யாருக்கு இன்னா?"

"பொம்பளைக்குப் பிரசவ வலிங்க. நேத்துலேர்ந்து," என்றார் மாயவன்.

"டேய், எறங்குங்கடா! வெட்டிப் போட்டது நாம, நாமளே வழி பண்ணிக் குடுக்கணும்."

அவர்களிடம் ஒரே ஒரு கோடாலி. மாயவன் இடுப்பில் கொடுவாள். இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. மறியல்காரனும் மலைக்காரரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, வண்டி நுழையும் அளவுக்குக் கிளைகளைக் கழித்தார்கள். அவசரத்தில், வளைந்து மாட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை விடுபட்டு விசிறியடித்தது. பச்சமுத்துவின் நெற்றி கிழிந்தது. மாயவன் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் தலையில் கட்டினார். "நீயும் ஏறு தம்பி" என்று அவனையும் வண்டியில் உட்கார வைத்தார். வண்டி கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இருசம்மாளை உள்ளே தூக்கிக்கொண்டு போன பிறகு நடந்ததை நான் கடையிலிருந்தே பார்த்தேன். வாசலில் ரத்தத் துண்டோடு பச்சமுத்து. பக்கத்தில் கொடுவாளோடு மாயவன். மாடியிலிருந்து அரங்கநாதன் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார்.

"எந்தூரு?"

"வெள்ளிமலைக்கு மேலங்க," என்றார் மாயவன்.

அவ்வளவுதான். பச்சமுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "நீ பேசாத தம்பி, ரத்தம் ஜாஸ்தி போயிருக்குது" என்று அன்போடு அவனைத் தடுத்துவிட்டு, வந்த வேகத்தில் மேலே ஏறினார். என் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம்.

மறுநாள் பேப்பரில், 'மறியல் வாலிபருக்கு அரிவாள் வெட்டு! மலையிலிருந்து இறங்கிய கும்பல் வெறிச்செயல்!' அதற்குக் கீழே, 'காட்டோடு வாழ்ந்து பழகிய இவர்களுக்கு வேட்டைக் குணம் பரம்பரையாக வருவது' என்று ஒரு விளக்கம். படித்தபோது ஒரு கணம் நானே பயந்துவிட்டேன். அப்புறம்தான் இது எதிர்வாசலில் நின்றவர், என் கடைக்கு வந்து பஞ்சு வாங்கினவர், அந்த மாயவனைப் பற்றியது என்று உறைத்தது.

பேப்பரைப் படித்துவிட்டுப் போலீஸ் வந்தது. எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். இன்ஸ்பெக்டர் தனசேகரன் வெளியூர்க்காரர், மறியல் தொடங்கியதிலிருந்து சரியான தூக்கமில்லாதவர். பிரசவ வார்டு வாசலில் குந்தியிருந்த மாயவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "புள்ள பொறக்கப்போவுதுங்க, பாத்துட்டு வந்துடறேங்க" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் நடந்தார்.

தலையில் கட்டோடு பச்சமுத்து ஸ்டேஷனுக்கு ஓடினான். அவனோடு துணைக்கு நானும் போனேன். அரங்கநாதன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"என்னிய யாரும் வெட்டல சார். கெள அடிச்சுது. அவருதான் கட்டுப் போட்டாரு."

"பயப்படாம சொல்லுப்பா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பயம் இன்னா சார்? நடந்தத சொல்றேன்."

அரங்கநாதன் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. "அடி வாங்கினத வெளிய சொல்ல மாட்டாங்க சார், இவங்க சுபாவம் அது. உள்ளயே வெச்சிக்கினு இருந்து, ஒருநாள் தீத்துக்குவாங்க."

அடுத்த நாள் பேப்பரில் 'பழிக்குப் பழி வாங்கத் திட்டமா?' என்று வந்தது. வெட்டுப்பட்டதாகச் சொல்லப்பட்டவனையும் முன்னெச்சரிக்கையாகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆக, வெட்டினவரும் வெட்டுப்பட்டவனும் ஒரே லாக்கப்பில். இருவரும் ஒரே பீடிக்கட்டைப் பகிர்ந்துகொண்டு, கரும்பு பெரிதா சாமை பெரிதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்று காவலுக்கு இருந்த சின்னக்கண்ணு ஏட்டு பிற்பாடு எனக்குச் சொன்னார். இதை அரங்கநாதனிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "நடிப்பு, மெடிக்கல்ஸ். ரெண்டு பேருக்கும் அது கூடப் பொறந்தது."

பார்த்தீர்களா? சண்டை போட்டால் சுபாவம். போடாவிட்டால் நடிப்பு. இந்த இனத்தைத் தோற்கடிக்க முடியாது. உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

சிரிப்பாக இருந்தது இவ்வளவுதான். மலையில் வேறு செய்தி பரவியது: கீழே போன ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், இனி யாரும் இறங்காதீர்கள். அடிவாரத்தில் இன்னொரு செய்தி: மலையிலிருந்து கூட்டமாக இறங்கப் போகிறார்கள். வாரச்சந்தையில் மலைக்காரர்கள் உட்காரும் வரிசை வெறிச்சோடியது. அடிவாரத்து வீடுகளில் ஆண்கள் மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் எல்லோரும் தயாராக இருந்தார்கள். எழுதின சண்டை எங்கே நடந்துவிடுமோ என்று நானும் கடையைப் பொழுதோடு சாத்தினேன்.

இதற்கு நடுவே இருசம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பச்சமுத்துவின் அம்மா லட்சுமியம்மாள், மகனுக்குச் சோறு கொண்டுவந்தவள், வார்டுக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து தூக்கில் மூன்று பேருக்குச் சோறு: இரண்டு லாக்கப்புக்கு, ஒன்று வார்டுக்கு. என் கடையில் குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்கும்போது, ரொம்பவும் இளகிப்போய் என்னிடம் சொன்னாள்:

"மலையாளுங்க சூதுவாது தெரியாதவங்கம்மா. கொழந்த மாதிரி."

துணியைச் சுற்றிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். "சூது எங்களுக்கும் தெரியும்மா. எங்கூட்டுக்காரருக்குத்தான் அத காட்ட நேரங் கெடைக்கல."

லட்சுமியம்மாள் ஒரு நொடி திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். புகழ்ச்சியாகச் சொன்னாலும் அதுவும் முத்திரைதானே? ஆனால் திருப்பிச் சொன்னால் அவள் சிரிக்கத் தெரிந்தவள். அரங்கநாதனிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

இந்தச் செய்திகளைப் படித்த பேப்பரின் தலைமை ஆபீஸ் சும்மா இருக்குமா? மெட்ராஸிலிருந்து ஒரு நிருபரையும் ஒரு போட்டோகிராபரையும் அனுப்பியது. அரங்கநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர்களைப் புளியமரத்துக்கு அழைத்துப்போனார். மலைக்காரர்கள் எப்படி வந்தார்கள், எப்படி ஓங்கினார்கள் என்று வாயால் விளக்கிப் பார்த்தார். போதவில்லை. பக்கத்துக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கொடுவாளைக் கேட்டு வாங்கி, விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி நின்று, பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, கொடுவாளைத் தலைக்கு மேலே தூக்கி, "இப்படி!" என்றார்.

க்ளிக்.

அது ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் முதல் பக்கத்தில் வந்தது. நல்ல போட்டோ. 'கையில் அரிவாள், கண்ணில் வெறி: மறியல் பகுதியில் உள்ளூர்வாசி' என்று கீழே எழுத்து. உள்ளே ஒரு கட்டுரை. 'கள்ளக்குறிச்சி வட்டார மக்களுக்கு ஆத்திரம் உடன்பிறந்தது. செம்மண்ணும் வெயிலும் சேர்ந்து...' என்று ஆரம்பித்தது. அரங்கநாதனின் திருக்கோவிலூர், சின்னசேலம், திருநாவலூர் எல்லாவற்றையும் மெட்ராஸ்காரர் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். தராசும் அந்தச் சாக்குக்குள்தான் இருந்தது.

மதியத்துக்குள் மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்கு போன். 'உன் ஏரியாவில் ஒருவன் அரிவாளோடு நிற்கிறான், நீ என்ன செய்கிறாய்?' கான்ஸ்டபிள்கள் மாடிப்படி ஏறினார்கள். தடதட சத்தம் நின்றது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். இஸ்திரிச் சட்டையோடு அரங்கநாதன் கீழே இறங்கினார். என்னைப் பார்த்து, "வா மெடிக்கல்ஸ்" என்றார். போனேன்.

ஸ்டேஷனில் கூட்டம். சோற்றுத் தூக்கோடு லட்சுமியம்மாள். குழந்தையோடு இருசம்மாள், டிஸ்சார்ஜ் ஆகி நேரே இங்கே வந்து உட்கார்ந்தவள், எழுந்திருக்க மாட்டேன் என்றிருந்தாள். கம்பிக்குப் பின்னால் இரண்டு முகங்கள்.

இன்ஸ்பெக்டர் பேப்பரை மேஜைமேல் விரித்தார். "இது நீங்கதானே?"

"நான்தான் சார். ஆனா நான் இல்ல. நான் நடிச்சுக் காட்டினேன் சார்."

"நடிப்புன்னு இதுல போடலையே. வெறின்னு போட்டிருக்கு."

"அவங்க தப்பாப் போட்டுட்டாங்க சார்! கூட யாரு நின்னாங்க, எதுக்குத் தூக்கினேன், ஒண்ணும் விசாரிக்கல."

"நீங்க வேலை பார்க்கிற பேப்பர்தானே?"

அரங்கநாதன் கைகளைக் குவித்தார். கண் கலங்கிவிட்டது. தெருவுக்கே கேட்கும் குரலில் கேட்டார்: "பேப்பர்ல போடறதெல்லாம் அப்படியே நம்பிடலாமா சார்?"

ஏட்டு சின்னக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

முதலில் பேசியவள் லட்சுமியம்மாள். "அப்ப எம்மவன வுட்டுடுங்க சாமி. அவனையும் அந்தப் பேப்பர்தான் புடிச்சிக்கினு வந்துது."

"எங்கூட்டுக்காரரையும்," என்றாள் இருசம்மாள்.

இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. காயம்பட்டவனே 'யாரும் வெட்டவில்லை' என்கிறான். ஆஸ்பத்திரி டாக்டர் காசிநாதன் மரக்காயம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது பேப்பர் கத்தரிப்பு மட்டும். அதை நம்பினால் மூன்று பேரையும் உள்ளே வைக்க வேண்டும். நம்பாவிட்டால் மூன்று பேரையும் அனுப்ப வேண்டும். தூக்கம் இல்லாத மனிதர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பேப்பரை மடித்தார்.

"எல்லாரும் போங்க," என்றார்.

மாயவன் வெளியே வந்ததும் குழந்தையை வாங்கவில்லை. தண்ணீர் கேட்டார். முழங்கை வரைக்கும் கழுவினார், தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கையை நீட்டினார். குழந்தை முகத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். பச்சமுத்து எட்டிப் பார்த்து, "ஒங்க மூக்குதாங்க" என்றான். அதற்குத்தான் மாயவன் அழுதார்.

மண்வெட்டிகள் மெல்லக் கதவுக்குப் பின்னாலிருந்து கொல்லைக்குத் திரும்பின. மலைக்காரர்களின் சந்தை வரிசை நிறைய மட்டும் வெகு நாளாயிற்று. பேப்பர் ஒரு வரி மறுப்புப் போடவில்லை. அதனால் இன்றைக்கும் டீக்கடையில், "பச்சமுத்துவா? மலைக்காரன்கிட்ட வெட்டு வாங்கினானே" என்றுதான் சொல்கிறார்கள். அவனுக்கு வாத்தியார் பயிற்சி கடைசியில் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் நெற்றித் தழும்பைக் காட்டி, எப்படி வந்தது என்று கேட்டார்களாம். மரக்கிளை என்றானாம். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தார்களாம். அந்தப் புன்னகையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கிவிடும்.

அரங்கநாதன்? அவர் திருந்தியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். நானும் எதிர்பார்த்தேன். அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பி, என் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். பாட்டிலைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"மெட்ராஸ்காரங்க சுபாவமே அதான், மெடிக்கல்ஸ்," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பச்சமுத்து யார், அரங்கநாதன் யார், அந்த இன்ஸ்பெக்டர் யார் என்று, அந்தக் காலத்தில் ஊரே கேட்டுக்கொண்டிருந்த அர்த்தத்தில், நான் எங்கேயும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஆனால் நீங்கள் படித்துக்கொண்டே பெயரைத் தட்டிப் பார்த்து, ஊரைத் தட்டிப் பார்த்து, தொழிலையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, அவரவருக்கு ஓர் இடம் ஒதுக்கி முடித்திருப்பீர்கள். எனக்கும் ஒன்று ஒதுக்கியிருக்கிறீர்கள், இல்லையா? எது என்று சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக, கடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.